துளையா, கிழிப்பா? மாமா பதில்கள்

இந்த வாரம் தபாலில் வந்ததில் முக்கால்வாசி கல்லீரலைப் பற்றியே. மட்டாஞ்சேரியில் யாரோ யாருக்கோ ஈரல் கொடுக்கப்போகிறார்கள் போலிருக்கிறது. யார் என்று நான் கேட்கமாட்டேன். கேட்காமலே பஜார் ரோட்டில் சொல்லிவிடுவார்கள்.

மிளகுத் தரகர், ஜூ டவுன்: ஓய் மாமா, ஈரல் கொடுப்பவருக்குக் கீஹோல் நல்லதா, ஓப்பன் சர்ஜரி நல்லதா? ஒரே வார்த்தையில் சொல்லும். வியாபார நேரம்.

கை.

இரண்டாவது வார்த்தைக்கும் நேரம் இருந்தால்: யாருடைய கை.

கல்லூரி மாணவி, சுள்ளிக்கல்: சாவித் துவாரம் அளவுத் துளை வழியாக அரைக் கிலோ ஈரலை எப்படி மாமா வெளியே எடுப்பார்கள்?

எடுக்க முடியாது. இதை முதலில் யாரும் சொல்லித் தொலைப்பதில்லை. வயிற்றில் ஐந்தாறு துளை போடுவார்கள். ஒவ்வொன்றும் அரை செ.மீ. முதல் ஒன்றேகால் செ.மீ. வரை. கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஈரலைப் பிரிப்பார்கள். பிரித்ததை ஒரு பையில் போட்டு, அடிவயிற்றில் குறுக்கே 10-12 செ.மீ. கீறி எடுப்பார்கள். சிசேரியனுக்குக் கீறும் அதே இடம். சாவித் துவாரம் வழியே நுழைந்தவர் போகும்போது கதவைத் திறந்துகொண்டுதான் போகிறார்.

ஆட்டோ ஓட்டுநர், தோப்பும்படி: அப்போ ஓப்பன்ல எவ்வளவு கிழிப்பாங்க மாமா?

நெஞ்செலும்பு முடியும் இடத்திலிருந்து நேரே இறங்கி, தொப்புளுக்கு மேலே வலப்பக்கமாகத் திரும்பும். நம் 'ட' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. பெரும்பாலும் ஒரு சாண், சமயத்தில் அதற்கு மேலும். சில டாக்டர்கள் நடு வயிற்றில் நேர்கோட்டோடு நிறுத்திவிடுவார்கள். ஈரலை வாங்கிக்கொள்பவருக்குப் போடும் கீறல் பல இடங்களில் பென்ஸ் கார் சின்னம் மாதிரி இருக்கும். ஆபரேஷன் பில்லைக் கட்டிய பிறகு பென்ஸ் அந்த வடிவில்தான் வரும்.

இல்லத்தரசி, பேலஸ் ரோடு: வெளியே தழும்பு சின்னதென்றால் உள்ளே காயமும் சின்னதுதானே?

இல்லை அம்மா. வலது மடலைக் கொடுத்தால் ஈரலில் 60 முதல் 65 சதவீதம் போகிறது. துளை வழியே வெட்டினாலும் அதே அளவுதான் போகும். அதே ரத்தக்குழாய்கள், அதே பித்தநாளம், அதே ஆபத்து. மாறுவது வயிற்றுச் சுவரின் கதை மட்டும்.

அதுவும் லேசுப்பட்ட கதை இல்லை. இருமும்போதும், படுக்கையை விட்டு எழும்போதும், மைத்துனர் ஜோக் அடித்துச் சிரிக்க நேரும்போதும் வலிப்பது அந்தச் சுவர்தான். பழகிய கையில் கீஹோல் நடந்தால் ரத்தம் குறைவாகப் போகும். வலி மாத்திரை குறையும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்னதாக வீட்டுக்கு வரலாம். பிற்பாடு தையல் இடத்தில் ஹெர்னியா தள்ளும் வாய்ப்பும் குறைவு. ஆபரேஷன் மேஜையில் கிடக்கும் நேரம் மட்டும் கூடுதல்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "அட, இவ்வளவுதானா!" என்பார்கள். அவர்களுக்குத் தெரிவது தோல்தானே.

மருந்துக்கடைக்காரர், கருவேலிப்படி: டாக்டர்களைக் கேட்டால் ரத்தக்குழாயைவிடப் பித்தநாளத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஏன்?

சில மில்லிமீட்டர் அகலக் குழாய். எங்கே வெட்டுவது என்பதில்தான் வில்லங்கம். டோனர் பக்கம் ஒட்டி வெட்டினால் கொடுத்தவருக்குக் குழாய் சுருங்கிப்போகும். ரொம்பத் தள்ளி வெட்டினால் வாங்கியவருக்கு ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு மூன்று ஓட்டைகளை இணைக்க வேண்டிவரும். இப்போது ஒரு பச்சைச் சாயத்தை ஊசியில் ஏற்றி, தனி ஒளியில் குழாய் மினுங்குவதைப் பார்த்து வெட்டுகிறார்கள். அப்படியும் பித்தக் கசிவு வரத்தான் செய்கிறது, துளையிலும் வரும், கிழிப்பிலும் வரும். ரத்தம் கசிந்தால் அன்றைக்கே தெரியும். பித்தம் கசிந்தால் வீட்டுக்கு அனுப்பி, பாயசம் வைத்து, திருஷ்டி சுற்றிப்போட்ட பிறகு தெரியும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பள்ளுருத்தி: சிபிச் சக்கரவர்த்தி புறாவின் எடைக்குத் தசை அரிந்து தராசில் வைத்தான். இந்த மருத்துவர்களிடம் தராசு உண்டா?

உண்டு ஐயா, ஸ்கேன் மெஷினுக்குள் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே மடலின் கன அளவைக் கணக்கிட்டுவிடுவார்கள். வாங்குபவரின் உடல் எடையில் 0.8 சதவீதமாவது ஈரல் தேவை என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். அது ஒரு தட்டு.

மறு தட்டுதான் முக்கியம்: கொடுப்பவரிடம் குறைந்தது 30-35 சதவீதம் மிஞ்ச வேண்டும். சிபி அந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை. தானே ஏறி உட்கார்ந்துவிட்டான். இன்றைய விதிப்படி சிபி டோனராகத் தேறமாட்டான். ஒரு கண்ணைக் கொடுத்த கையோடு மறு கண்ணுக்கும் அம்பை எடுத்த கண்ணப்பரை முதலில் மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவன், கருவேலிப்படி: ரோபோ சர்ஜரி என்றால் ரோபோவே வெட்டுமா மாமா? 'எந்திரன்' சிட்டி மாதிரி?

சிட்டி வந்தால் நானே ஓடிவிடுவேன். இது தானாக ஒரு நூல்கூட அசையாது. நாலு கை உள்ள இயந்திரம் நோயாளியின் மேல் குனிந்து நிற்கும். டாக்டர் அதே அறையில், சில அடி தள்ளி, ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு உட்கார்ந்து விரல்களை அசைப்பார். அவர் அசைத்தால் அது அசையும். முப்பரிமாணத்தில், பெரிதாக்கித் தெரியும். கைநடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். கருவியின் நுனி மனித மணிக்கட்டைவிட அதிகமாகத் திரும்பும்.

ஒரு குறை: இதுவரை பரவலாகப் புழங்கும் இயந்திரங்களில் தொட்டுணர்வு இல்லை. ஈரல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதைக் கண்ணால்தான் அனுமானிக்க வேண்டும்.

அதே மாணவன்: நடுவில் கரண்ட் போனால்?

கே.எஸ்.இ.பி.யை நினைத்துக் கேட்கிறாய், புரிகிறது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, இயந்திரத்துக்குள்ளேயே பேட்டரியும் உண்டு. கரண்ட் என்ன, தூரம்கூடத் தடை இல்லை: 2001 செப்டம்பரில் ஷாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு டாக்டர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தார். நடுவே அட்லாண்டிக் பெருங்கடல். நம் தெருவில் நெட் கடந்து வருவது ஒரு சாக்கடையைத்தான், அதற்கே மூச்சு வாங்குகிறது.

வரலாற்று ஆர்வலர், டச்சு பேலஸ் அருகில்: உயிரோடு இருப்பவரிடமிருந்து ஈரலை முதலில் எடுத்து வைத்தவர் யார்?

போர்ச்சுகீசியர் 1555-இல் கட்டிய அரண்மனைக்கு, 1663-இல் ரிப்பேர் செய்த டச்சுக்காரன் பெயரை வைத்திருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி! இங்கேயும் அதே வழக்குதான். 1988 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோவில் சில்வானோ ராயா முதலில் செய்தார். குழந்தை பிழைக்கவில்லை. 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் ஒரு ஜப்பானியத் தாயின் ஈரல் துண்டை அவள் மகனுக்கு வைத்தார். மகன் பிழைத்தான், பெயரும் ஸ்ட்ராங்குக்கு நிலைத்தது.

துளை வழி வந்தது 2002-இல். பாரிஸில் டேனியல் ஷெர்க்கி குழுவினர், குழந்தைக்கு வேண்டிய சின்ன இடது துண்டை அப்படி எடுத்தார்கள். பெரியவர்களுக்கு வேண்டிய வலது மடலை ரோபோவால் எடுத்ததாக 2012-இல் சிகாகோவின் ஜூலியானோட்டி எழுதினார். 2015-க்குப் பிறகு சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வலது மடலுக்கும் கீஹோல்தான் வழக்கம் என்றே ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரன் தொடங்கியதைக் கொரியாக்காரன் தொழிற்சாலையாக்கினான். போன், கார் எல்லாம் அப்படித்தானே.

நர்ஸிங் மாணவி, ஃபோர்ட் கொச்சி: கீஹோல் வந்த புதிதில் டாக்டர்கள் கொண்டாடினார்களா?

கொண்டாடினார்களாம்! ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு டாக்டர், கேமராவை விட்டு ஆபரேஷன் செய்யலாம் என்றதும், சக டாக்டர்கள் அவர் மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். 1980-இல் அவர் அப்படியே குடல்வாலை எடுத்ததும், ஜெர்மன் அறுவைச் சங்கத் தலைவர் அவரைத் தொழிலிலிருந்து நிறுத்தச் சொன்னார். 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா பித்தப்பையை அந்த வழியில் எடுத்தார். கோவையில் டாக்டர் பழனிவேலு பிடித்துக்கொண்டார். இன்றைக்குப் பித்தப்பைக்கு வயிற்றைக் கிழிக்கலாம் என்று சொல்லும் டாக்டரின் மூளையைத்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

தையல்கடைக்காரர், கப்பலண்டிமுக்கு: அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரியும் உடனே துளைக்கு மாற வேண்டியதுதானே?

பித்தப்பை வேறு, ஈரல் வேறு. பித்தப்பையை எடுத்துத் தொட்டியில் போடலாம். டோனரிடமிருந்து எடுக்கும் ஈரல் பக்கத்து அறையில் இன்னொருவர் உடம்பில் ஓட வேண்டும். இருக்கும் துண்டும் நன்றாக இருக்க வேண்டும், போகும் துண்டும் நன்றாக இருக்க வேண்டும். கொடுப்பவரோ நோயாளியே இல்லை. காலையில் நடந்து வந்த ஆரோக்கியமான ஆள்.

அதனால்தான் உலக நிபுணர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் ஒன்றைச் சொல்கிறார்கள்: ஓப்பனில் டோனர் ஆபரேஷன் நிறையச் செய்த கையும் வேண்டும், கீஹோலில் ஈரல் ஆபரேஷன் நிறையச் செய்த கையும் வேண்டும், இரண்டும் ஒரே மேஜையில் இருக்க வேண்டும். புது மெஷின் வாங்கிய உற்சாகத்தில் ஆரம்பிக்கும் விஷயம் இல்லை. ஊசி ஓட்டக் கற்றுக்கொள்ள நீர் பழைய துணி எடுத்தீரா, கல்யாணப் பட்டு எடுத்தீரா?

மீன் வியாபாரி, ஃபோர்ட் கொச்சி: கீஹோல்னு ஆரம்பிச்சு நடுவுல கிழிச்சிட்டாங்கன்னா ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தமா?

புத்தியுள்ள டாக்டர் என்று அர்த்தம். பெரிய ரத்தக்குழாயில் கசிவு வந்தாலும், பித்தநாளம் குழப்பமாகத் தெரிந்தாலும், துளையை விட்டுவிட்டு வயிற்றைத் திறப்பதுதான் சரி. நான் பயப்படுவது "எங்களுக்கு அந்தத் தேவையே வந்ததில்லை" என்று மார்தட்டும் டாக்டரைப் பார்த்துத்தான். ஒன்று, அவர் ரொம்பக் கெட்டிக்காரர். இல்லாவிட்டால் அது அவருடைய மூன்றாவது கேஸ்.

வங்கி ஊழியர், மட்டாஞ்சேரி: மறைக்காமல் சொல்லுங்கள். கொடுப்பவர் செத்துப்போக வாய்ப்பு உண்டா?

உண்டு. உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு ஆயிரத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை. இடது துண்டுக்குக் குறைவு, வலது மடலுக்குக் கூடுதல். சின்னதும் பெரியதுமாகச் சிக்கல் வருவது ஐந்தில் ஒருவருக்காவது உண்டு. பெரும்பாலும் சரியாகிவிடும்.

2002 ஜனவரியில் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் தம்பிக்கு ஈரல் கொடுத்த ஒரு பத்திரிகையாளர் மூன்றாம் நாள் இறந்தார். மாநில அரசு அந்த ஆஸ்பத்திரியின் டோனர் ஆபரேஷன்களை நிறுத்திவைத்தது. அவர் ஆபரேஷனில் சாகவில்லை. அதற்குப் பிந்தைய கவனிப்பு சரியில்லை என்பதுதான் விசாரணையில் வந்தது. 2025 ஆகஸ்டில் புனேயில் கணவருக்கு ஈரல் கொடுத்த மனைவி, கணவர் போன ஒரு வாரத்துக்குள் தானும் போனார்.

இதில் ஜோக் அடிக்க எனக்கு வாய் வரவில்லை. எத்தனை துளை என்று கேட்பவர்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டில் யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், மட்டாஞ்சேரி: கணவருக்கு ஈரல் வேண்டும். அவருக்கு இரண்டு தம்பிகள். ஆனால் மாமியார் தினமும் என்னையே பார்க்கிறார்.

உன் மாமியார் மட்டுமா பார்க்கிறார்? தேசமே அப்படித்தான் பார்க்கிறது அம்மா. 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுத்தவர்கள் 56,509 பேர் என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு சொல்கிறது. அதில் 36,038 பேர் பெண்கள். வாங்கிக்கொண்டவர்களில் பெரும்பான்மை ஆண்கள். நம் ஆண்கள் எதைத்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

கொடுக்க மனமிருந்தால் கொடு, அது பெரிய காரியம். மனமில்லை என்றால் டாக்டரைத் தனியாகப் பார். 'இஷ்டமில்லை' என்று அவரிடம் சொன்னால் போதும். 'பரிசோதனையில் பொருந்தவில்லை' என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லும் வழக்கம் நல்ல ஆஸ்பத்திரிகளில் உண்டு. மயக்க ஊசி போடும் நிமிஷம் வரை மனதை மாற்றிக்கொள்ளலாம். தம்பிகள் இருவரையும் பரிசோதனைக்குப் போகச் சொல். இருவருக்கும் அன்றைக்குத்தான் அவசர வேலை வரும், பார்.

சட்டக் கல்லூரி மாணவர், எர்ணாகுளம்: 18 வயது ஆகாதவர் கொடுக்கலாமா?

1994 உறுப்பு மாற்றுச் சட்டம் கூடாது என்கிறது. ஆனால் விதியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது: அசாதாரண மருத்துவக் காரணம், அதோடு அரசின் முன் அனுமதி. திருச்சூர்ப் பக்கத்து 17 வயதுப் பெண் ஒருத்தி அந்த ஜன்னலைத் தட்டினாள். அப்பாவுக்குப் பொருந்தும் ஈரல் அவளுடையது மட்டும்தான். கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் அனுமதித்தது. 2023 பிப்ரவரியில் ஆலுவா ராஜகிரி மருத்துவமனையில் ஆபரேஷன். அதற்கு முன் ஈரல் தேற வேண்டும் என்று சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, ஜிம்முக்கும் போனாளாம். ஆஸ்பத்திரி அவளுடைய பில்லைத் தள்ளுபடி செய்தது.

என் பேரன் வயது. நான் கேட்டால் ரிமோட்டைக்கூடக் கொடுக்க மாட்டான்.

ஹோட்டல் மாஸ்டர், தோப்பும்படி: அண்ணனுக்குக் கொடுக்கப் போனேன். 'ஃபேட்டி லிவர், எடையைக் குறைத்துவிட்டு வா' என்கிறார்கள். ரோபோவில் செய்தாலும் குறைக்கணுமா?

ரோபோ உம் பரோட்டாவைக் கழித்துக் கொடுக்காது. கொழுப்பேறிய ஈரல் வாங்குபவருக்குச் சரியாக வேலை செய்யாது, உம்மிடம் மிஞ்சும் துண்டும் தடுமாறும். நல்ல சேதி: எடை குறைந்தால் ஈரல் கொழுப்பு சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பிக்கும். போட்டதை நீரே சாப்பிடும் பழக்கத்தை மட்டும் விடும்.

பெவ்கோ மதுக்கடை வாடிக்கையாளர், முகவரி தர விருப்பமில்லை: ஈரல்தான் வெட்டினாலும் வளர்ந்துவிடுமே. பிறகு குடித்தால் என்ன?

நல்ல ஈரல் வளரும். வெட்டிய மடல் முளைக்காது, மிஞ்சியது பெருக்கும். பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே. சாராயத்தில் வடு விழுந்து சிரோசிஸ் ஆனது அப்படி வளராது. வளரத் தெரிந்த உறுப்புக்கு வளர மறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரே வாத்தியார் உங்கள் பாட்டில்.

சலவைத் தொழிலாளி, தோபி கானா: அண்ணே, தங்கச்சிக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். எப்போ திரும்பக் கல்லுல துணி அடிக்கலாம்?

டச்சுக்காரன் தன் சிப்பாய்களின் சட்டையை வெளுக்க உங்கள் முன்னோரைத் தமிழ் நாட்டிலிருந்து கூட்டி வந்தான். அன்று தொடங்கிய தோள் வேலை இது. தூக்குவதும் ஓங்கி அடிப்பதும் முழுக்க வயிற்றுத் தசை.

ஆபீஸ்காரர் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் நாற்காலிக்குப் போய்விடுவார். உனக்கு ஓப்பன் என்றால் மூன்று மாதமாவது ஈரத் துணி மூட்டையைத் தொடாதே. கீஹோலில் கொஞ்சம் முந்தலாம், ஆனாலும் டாக்டர் சொல்லும் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே. உன் மாதிரி உடம்பால் பிழைப்பவருக்குத்தான் சின்னக் கீறலால் நிஜமான லாபம். விளம்பரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் முன் சிரிக்கும் பெண்ணைப் போடுகிறார்கள்.

கஸ்டம்ஸ் அதிகாரி, வில்லிங்டன் தீவு: உறுப்பு கொடுத்தால் லீவ் உண்டா?

2023 முதல் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு. கீஹோல், ஓப்பன் பேதமில்லை. மேலே இருக்கும் சலவைத் தம்பிக்கு ஒரு நாளும் இல்லை. நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டீர்கள், நான் செய்த ஏற்பாடு இல்லை.

கல்யாணத்துக்குக் காத்திருப்பவர், பனையப்பள்ளி: பெண் வீட்டார் தழும்பைப் பார்த்து வேண்டாம் என்றால்?

அப்பாவுக்கு ஈரல் கொடுத்தவனை வேண்டாம் என்கிற வீட்டிலிருந்து தப்பித்தோம் என்று பாயசம் சாப்பிடும். அடிவயிற்றுக் கீறல் வேட்டிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது உண்மை. அதற்காக மட்டும் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்.

கணக்குப்பிள்ளை, பஜார் ரோடு: ரோபோவுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்களே, நியாயமா?

மெஷின் விலை பல கோடி. கருவி நுனிகளைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த இயந்திரமே விடாது. ஆகவே செலவு உண்மை. அந்தச் செலவைக் கொடுப்பவர் தலையில் ஏற்றலாமா என்பதுதான் விவகாரம். ஈரலும் கொடுத்து, ஈரல் எடுத்த கூலியும் கொடுக்கும் வியாபாரம் மிளகு மண்டியில்கூட நடக்காது. காப்பீட்டுப் பாலிசியில் 'டோனர் செலவு' என்ற வரியைத் தேடும். எடுக்கும் செலவைக் கொடுத்துவிட்டு, பின்னால் வரும் சிக்கலின் செலவைக் கழற்றிவிடும் பாலிசிகள் உண்டு. அது எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஓப்பனில் கிடையாது, கீஹோலில்தான் தெரியும்.

ரேஷன் கடை ஊழியர், சுள்ளிக்கல்: ஏழைக்கு அரசு ஆஸ்பத்திரியில் வழி இல்லையா?

கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2022 பிப்ரவரி 14-இல் மனைவி கொடுத்த ஈரலைக் கணவருக்கு வைத்தார்கள். கேரள அரசு ஆஸ்பத்திரியில் உயிருள்ளவரிடமிருந்து எடுத்து வைத்தது அதுவே முதல் முறை. காதலர் தினம் வேறு. நம் எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியும் 2023-இல் சிறுநீரகம் மாற்றியது, மாவட்ட அளவு ஆஸ்பத்திரியில் நாட்டுக்கே முதல். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ரோபோ வரும் வரை காத்திருக்க ஏழையின் ஈரலுக்கு நேரமில்லை. ஓப்பனில் உயிர் பிழைத்தவர் தழும்பைக் காட்டி யாரும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

டிராவல்ஸ் நடத்துபவர், ஃபோர்ட் கொச்சி: ரோபோ சர்ஜரிக்குச் சென்னைக்கு ஓடணுமா?

ஏன் ஓடணும்? பொன்னேக்கரை அமிர்தா மருத்துவமனை ரோபோவில் டோனர் ஈரல் எடுப்பதைப் பற்றி உலக மருத்துவ இதழ்களில் எழுதும் அளவுக்குச் செய்திருக்கிறது. இங்கிருந்து பொன்னேக்கரைக்குப் போகும் வழியில் இடப்பள்ளி சிக்னல்தான் கண்டம்.

சென்னையில் சொந்தம் இருந்தால் மட்டும் சென்னை. ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே, அதற்கு ரோபோ வரவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர், செர்லாய்: இந்த விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெருமை ஏதாவது உண்டா?

உண்டு, பட்டைவிடப் பெரிது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் ஈரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் நடந்தது. 20 மாதக் குழந்தை, ஊர் காஞ்சிபுரம். பித்தநாளமே சரியாக உருவாகாத பிறவிக் கோளாறு. ஈரல் துண்டைக் கொடுத்தவர் அப்பா. அன்றைக்கு ரோபோவாவது துளையாவது, நேரே கிழிப்புதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகிவிட்டது. அப்பாவின் தழும்புக்கு அதைவிட நல்ல பிளாஸ்டர் எந்த மருந்துக்கடையிலும் இல்லை.

சினிமா ரசிகர், கப்பலண்டிமுக்கு: மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு கிடைத்தால் உயிரோடு இருப்பவரை ஏன் வெட்டணும்? 'ஜோசப்' படம்தான் கேரளத்தில் அந்தத் தானத்தைக் கெடுத்ததா?

முதல் பாதி நூற்றுக்கு நூறு. 2023-இல் இந்தியா முழுக்க அப்படிக் கொடுத்த குடும்பங்கள் 1,099 மட்டுமே. 140 கோடிப் பேரில். அதனால்தான் மனைவியையும் மகளையும் மேஜையில் ஏற்றுகிறோம்.

இரண்டாம் பாதி இடிக்கிறது. கேரளத்தில் 2016-இல் 72 பேர், 2017-இல் 18 பேர். படம் வந்தது 2018 நவம்பரில். மூளைச்சாவு அறிவிப்பிலேயே சந்தேகம் கிளம்பி, நம்பிக்கை முன்னமே உடைந்துவிட்டது. படம் அதன் மேல் பாட்டுப் போட்டது. 2011-இல் அந்தத் தானத்தைப் போற்றிய 'டிராஃபிக்' படம் வந்தபோது இதே ஊர் கண்ணீர் விட்டுக் கைதட்டியது என்பதையும் எழுதி வையுங்கள்.

பெயரில்லாக் கடிதம், அஞ்சல் முத்திரை மட்டாஞ்சேரி: கடன் கழுத்தை நெரிக்கிறது. ஈரலுக்கு நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார். கீஹோல்தானாம், வலியே இல்லையாம்.

வலி இருக்கிறது, ஜெயிலும் இருக்கிறது. உறுப்பு வியாபாரத்துக்கு ஐந்து முதல் பத்து வருடம், அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி. 2024 மே மாதம் நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஒருவரைப் பிடித்ததும், ஆட்களை ஈரானுக்குக் கூட்டிப் போய்ச் சிறுநீரகம் எடுத்த கதை வெளியே வந்தது. விற்றவன் கையில் வந்த காசு சொற்பம். தம்பி, இந்தக் கடிதத்துக்கு மட்டும் பெயரோடு இன்னொரு கடிதம் எழுது. கடனுக்கு வழி பேசலாம்.

நாட்டு மருந்துக்கடைக்காரர், அம்மன்கோவில் பக்கம்: கொடுத்த பிறகு ஈரல் வளரக் கீழாநெல்லி குடிக்கலாமா?

1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. அது மஞ்சள்காமாலைக் கிருமிக்கான சோதனை, ஈரல் வளர்ப்புக்கு இல்லை. வெட்டிய ஈரல் தானாகவே வளரும், உரம் போட வேண்டாம். ஆபரேஷன் முடிந்த கையோடு டாக்டருக்குத் தெரியாமல் எந்தக் கஷாயமும் கூடாது. உம் வியாபாரத்தைக் கெடுக்கிறேன், மன்னியும்.

குடும்பத் தலைவி, பனையப்பள்ளி: ஈரல்தானே கேட்டார்கள், பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்களாமே!

எடுப்பார்கள். ஈரலின் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது அது, பிரிக்கும் கோடு அதன் படுக்கை வழியாகத்தான் போகும். துளையிலும் கிழிப்பிலும் இதே கொசுறுதான். இல்லாமலும் சாப்பாடு செரிக்கும். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், கையெழுத்து வாங்கிய தாளில் இருக்கும். அதை யார் படித்தார்கள்?

ஆசிரியை, மட்டாஞ்சேரி: டாக்டரைப் பார்க்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

டோனர் ஆபரேஷன் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், இந்த முறையில் எத்தனை. நடுவில் ஓப்பனுக்கு மாறியது எத்தனை. பித்தக் கசிவு எத்தனை பேருக்கு. என் ஈரலின் குழாய் அமைப்பு துளைக்குத் தோதா. என்னிடம் எத்தனை சதவீதம் மிஞ்சும். மூன்று மாதம், ஒரு வருடம் கழித்து என்னை யார் பார்ப்பார்கள், யார் செலவில். கடைசிக் கேள்வியில் டாக்டர் வாட்ச்சைப் பார்த்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். புன்னகையோடு பதில் சொல்பவர் ஓப்பன் என்றாலும் சரி என்று சொல்லிவிடுங்கள்.

பேரிளம் வாசகி, பேலஸ் ரோடு: இவ்வளவு பேசும் மாமா, உம் ஈரலைக் கொடுப்பீரா?

பல இடங்களில் 55 வயதோடு கதவை மூடிவிடுவார்கள். அந்தச் செய்தியை மாமி என்னைவிடச் சந்தோஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு எதுவோ தேறவில்லை என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு திருப்தி. மூளைச்சாவு தானத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். மூளை எப்போதோ போய்விட்டது, சான்றிதழ்தான் பாக்கி என்கிறாள்.

சாப்பாட்டுப் பிரியர், தோப்பும்படி: மட்டாஞ்சேரியில் நல்ல ஈரல் வறுவல் எங்கே கிடைக்கும்?

இந்த வாரமா ஐயா கேட்பீர்?